திரும்பும் போத்தலா, டின்னா? மலையகத்தில் பியர் விற்பவருக்கு ஒரு கணக்கு

நுவரெலியாவில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் பியர் காய்ச்சத் தொடங்கியது 1849இல். இன்று பெரிய ஆலை கீழே, கொழும்புக்கு அருகே பியகமவில். மலைக்குப் பியர் லொறியில் ஏறி வருகிறது. சுற்றுச்சூழலுக்குக் கேடு குறைக்க விடுதிக்காரர் கையில் மிஞ்சியிருப்பது ஒரே தெரிவுதான்: ஆலைக்குத் திரும்பி மறுபடி நிரப்பப்படும் 625 மில்லிலீற்றர் போத்தலா, 500 மில்லிலீற்றர் டின்னா?

உள்ளே இருக்கும் பியரின் தண்ணீர்க் கணக்கு இரண்டுக்கும் ஒன்று. வாற்கோதுமை வயலையும் சேர்த்தால் ஒரு லீற்றர் பியருக்கு ஏறத்தாழ 300 லீற்றர் தண்ணீர். அதில் ஆலைக்குள் செலவாவது பொதுவாக 4 முதல் 7 லீற்றர்.

டின் ஏறக்குறைய 16 கிராம். நிரப்புமுன் ஓர் அலசல் போதும், லொறிக்கும் பாரமில்லை. ஆனால் ஒரு கிலோ புது அலுமினியத்துக்கு 14, 15 கிலோவாற்று மணி மின்சாரம் போகும். பழைய டின்னை உருக்கினால் அதில் 5 சதவீதமே. ஒரு கிலோ சேர 60 டின்னுக்கு மேல் வேண்டும். பழைய இரும்புக்காரர் எட்டிப் பார்க்காத தோட்டத்தில் அவை தேயிலைக் கானுக்குள்தான் கிடக்கும்.

போத்தலைக் கழுவியே தண்ணீர் தீர்ந்துவிடும் என்பார்கள். நல்ல இயந்திரத்தில் ஒரு போத்தலுக்குக் கால் லீற்றர் சொச்சம், பழையதில் அரை லீற்றருக்கு மேல். உண்மைத் தொல்லை தண்ணீரின் அளவல்ல, அதிலுள்ள காரம். 2 சதவீதமளவு கோஸ்டிக் சோடா, 80 பாகை வெப்பம். அந்த நீரை நடுநிலையாக்காமல் ஆற்றில் விட முடியாது. ஆலை ஒழுங்காக நடந்தால் இது சமாளிக்கக்கூடியதே. ஆகவே நான் போத்தல் பக்கம்.

ஆனால் எல்லாம் அது எத்தனை முறை திரும்புகிறது என்பதில்தான் தொங்குகிறது. போத்தல் அரைக் கிலோ என்று வையுங்கள். 20 முறை சுற்றினால் ஒரு முறைக்கு 25 கிராம் கண்ணாடி. இரண்டே முறையில் உடைந்தால் 250 கிராம்; 1,500 பாகையில் உருக்கிய கண்ணாடி அது. அப்போது டின்னே மேல். உடைந்த துண்டு தேயிலைக்குள் கிடந்தால் கொழுந்து பறிப்பவரின் காலுக்கும் கேடு.

சுற்று அறுவது பெரும்பாலும் கடையில்தான். மண்ணெண்ணெய் ஊற்றி வைத்த போத்தலில் மணம் போகாது, ஆலை கழித்துவிடும். உள்ளே சிகரெட் துண்டு கிடந்தாலும், பூஞ்சணம் காய்ந்து ஒட்டியிருந்தாலும் அதே கதை. நுவரெலியா ஈரத்தில் பூஞ்சணத்துக்குக் கேட்கவா வேண்டும்? குடித்த அன்றே ஒரு வாய் தண்ணீர் விட்டுக் குலுக்கி ஊற்றிவிட்டு, பெட்டியில் கவிழ்த்து வையுங்கள். வாயைத் திறப்பானால் நெம்பாமல் மூடியை மட்டும் கிளப்புங்கள். விளிம்பு சிதறினால் புது மூடி இறுகாது. கீழே இறங்கும் லொறி எப்படியும் காலியாகத்தான் போகும், பெட்டிகளை அதிலேயே ஏற்றிவிடலாம்.

லொறி வராமல், முச்சக்கர வண்டியில் சரக்கு எடுக்கும் தோட்டப் பக்கக் கடைக்கு மட்டும் டின்னைச் சொல்வேன். கடை வாசலில் ஒரு சாக்கு தொங்கவிட வேண்டும். நிரம்பியதும் அதே முச்சக்கர வண்டியில் பட்டணத்துப் பழைய இரும்புக் கடைக்கு.