எல்லாப் பந்து ஃபவுலா, வெள்ளைப் பந்து ஃபவுல் மட்டுமா?

கோலால் வெள்ளைப் பந்தை அடித்து மற்றப் பந்துகளை மேசைக் குழிகளில் வீழ்த்தும் ஆட்டமான பூலில், போட்டி நடத்துவோர் பலரும் தயங்கும் இடம் இது: எந்தப் பந்தைத் தவறுதலாகத் தொட்டாலும் ஃபவுல் என்பதா, வெள்ளைப் பந்தைத் தொட்டால் மட்டும் என்பதா?

தெளிவு: முதல் விதியில் சட்டைக் கை ஒரு பந்தில் உரசினாலே ஃபவுல்.
இரண்டாவதில், தவறுதலாக நகர்ந்த மற்றப் பந்தை அங்கேயே விடுவதா, பழைய இடத்தில் வைப்பதா என்று எதிராளி முடிவு செய்வார். அந்த நகர்வு அடியின் விளைவை மாற்றியிருந்தால் மட்டும் அதுவும் ஃபவுலே.

நேர்மை: குனிந்து குறிபார்ப்பவரின் விரலடியில் ஒரு பந்து மயிரிழை அசைவதை நாற்காலியில் அமர்ந்திருக்கும் எதிராளியால் பெரும்பாலும் பார்க்க முடியாது என்பதால், நடுவர் இல்லாத மேசையில் முதல் விதி உண்மையைச் சொல்பவரைத் தண்டித்து, மறைப்பவரைத் தப்பவிடுகிறது.
இரண்டாவதிலும் சொல்லும் கடமை உண்டு. ஆனால் சொல்வதால் ஆட்டம் பறிபோவதில்லை. இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

தண்டனை: ஒன்பது பந்து ஆட்டத்தில் ஃபவுலுக்குப் பின் எதிராளி வெள்ளைப் பந்தை விரும்பிய இடத்தில் வைத்து ஆடலாம் என்பதால், ஒரு சிறு உரசலில் ரேக்கே, அதாவது அந்த ஓர் ஆட்டமே, போய்விடக்கூடும்.

நடுவர் நிற்கும் இறுதிச் சுற்றுகளுக்கு முதலாவதும், பல மேசைகளில் ஒரே நேரத்தில் நடக்கும் தொடக்கச் சுற்றுகளுக்கு இரண்டாவதும் பொருந்தும். எது நடைமுறையில் உள்ளது என்பதை முதல் அடிக்கு முன்பே அறிவித்துவிட வேண்டும்.