டூம் மெற்றல் நிகழ்ச்சிக்கு முற்பணம் கேட்டு வருபவரைப் பற்றி ஓர் எச்சரிக்கை

நல்லூர்த் திருவிழா முடிந்து இரண்டாவது சனிக்கிழமை, யாழ்ப்பாணக் கரையோரத்தில் உள்ள ஒரு விடுதி மண்டபத்தில் நடைபெறவிருந்த டூம் மெற்றல் (மெதுவான, கனத்த ஒரு ரொக் இசை வகை) நிகழ்ச்சி, தொடங்கி 18 நிமிடங்களில் நின்றுபோனது. ரிக்கெற் வாங்கி வந்தவர்களுக்கு ஏற்பாட்டாளர் இன்றுவரை ஒரு சதமும் திருப்பித் தரவில்லை. அன்றிரவு முதலாவதாக மேடையேறிய மூவர் குழுவில் தாழ்ந்த சுரங்களுக்குரிய பேஸ் கிற்றார் வாசித்தவன் நான். அந்த ரிக்கெற்றுகளில் 35ஐ என் கையால் விற்றவனும் நானே என்பதால், இதை எழுதுவதில் எனக்குக் கோபத்தைவிட வெட்கமே அதிகம். ஆனால் அதே மனிதர் இப்போது திருகோணமலையில் இன்னொரு நிகழ்ச்சிக்குக் குழுக்களைச் சேர்க்கிறார் என்று அறிந்த பிறகு பேசாமல் இருப்பது சரியாகப் படவில்லை.

கோண்டாவிலில் எங்கள் கிற்றார்காரரின் வீட்டுப் பின்விறாந்தையில் நாங்கள் பயிற்சி செய்த காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு அவர் எங்களைத் தேடி வந்தார். கொழும்பிலிருந்து இரண்டு குழுக்கள் வருவதாகவும், உள்ளூர்க் குழு ஒன்று முன்னால் இசைக்க வேண்டும் என்றும், அடுத்த முறை பெங்களூரிலிருந்தே ஒரு குழுவைச் சென்னை வழியாகப் பலாலிக்கு இறக்கப்போவதாகவும் சொன்னார். 1991இல் தொடங்கிய டையிங் எம்பிரேஸ் முதல் பெவர் சீ வரை பெங்களூர்க் குழுக்களின் பெயர்களை அவர் அடுக்கியபோது, இந்த ஊரில் இவற்றையெல்லாம் அறிந்த ஒருவர் இருக்கிறாரே என்று நாங்கள் மகிழ்ந்துபோனோம். பெயர்களை அறிந்திருப்பது எவ்வளவு மலிவான தகுதி என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

அவருடைய நிபந்தனை இதுதான்: ஒன்று 1,500 ரூபாவாக 35 ரிக்கெற்றுகளுக்கான 52,500 ரூபாவை நாங்கள் முன்கூட்டியே வைப்பிலிட வேண்டும், ஒலியமைப்புக்கு எங்கள் பங்காக மேலும் 20,000 ரூபா தரவேண்டும், வாசல் வசூலில் பிறகு பங்கு கிடைக்கும். ஒலியமைப்பைப் பற்றி நான் இரண்டு முறை கேட்டேன். "தம்பியவை, சவுண்ட்ஸைப் பற்றி நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம். பதினெட்டு இஞ்சி சப் நாலு கொழும்பிலயிருந்து வருது, எல்லாம் நான் பாக்கிறன்" என்றார். (சப் என்பது மிகத் தாழ்ந்த ஒலிகளுக்கான பெரிய ஒலிபெருக்கிப் பெட்டி.) அந்த உறுதிமொழி குரல்பதிவாக என் கைபேசியில் இருக்கிறது.

இந்த இசையை அறியாத வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஏமாற்றத்தின் அளவு அப்போதுதான் புரியும். டூம் மெற்றல் வேகத்தை நம்பி நிற்கும் இசை அல்ல. நாதஸ்வரக்காரர் விளம்பகாலத்தில் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்துவதுபோல, ஒரே சுரத்தை அது முழுதாக ஒலித்து அடங்கும்வரை விட்டுவைப்பதில்தான் அதன் கனம் இருக்கிறது. 1970இல் முதல் இசைத்தட்டை வெளியிட்ட பர்மிங்காமின் பிளக் சபாத் குழுவிலிருந்து இந்த மரபு தொடங்குகிறது. அதன் கிற்றார் கலைஞர் ரொனி அயோமி, தகட்டுத் தொழிற்சாலை விபத்தில் வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தவர். பிற்பாடு அவர் தந்திகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கி வாசித்த முறை பின்வந்த குழுக்களுக்கெல்லாம் வழக்கமாயிற்று. நாங்களும் அப்படித்தான் இறக்குகிறோம். வழமையாக 41 ஹேர்ட்ஸில் (செக்கனுக்கு 41 அதிர்வுகள்) ஒலிக்கும் பேஸ் கிற்றாரின் தடித்த தந்தி எங்கள் சுருதியில் ஏறத்தாழ 33 ஹேர்ட்ஸுக்கு வந்துவிடும். அதைச் சிறிய ஒலிபெருக்கிப் பெட்டியால் வெளிக்கொணர முடியாது. ஆகவே பெரிய சப் பெட்டிகள் எங்களுக்கு ஆடம்பரம் அல்ல, அவை இல்லாவிட்டால் நான் வாசிப்பதில் பாதி எவருக்கும் கேட்காது.

நிகழ்ச்சி நாளன்று பிற்பகல் நான்கு மணிக்கு மண்டப வாசலில் ஒரு பட்டா வாகனம் (சிறிய லொறி) வந்து நின்றது. அதிலிருந்து 12 அங்குலப் பெட்டிகள் இரண்டும், அவற்றை நிறுத்தும் முக்காலிகளும், பாட்டுப் போடுவதற்கான ஒரு மடிக்கணினியும் இறங்கின. மிகுதி எப்போது வரும் என்று கேட்டபோது, ஒலியமைப்பாளரான அந்த வயது முதிர்ந்தவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "எனக்குப் பிறந்தநாள் விழா எண்டெல்லோ சொன்னவர், தம்பி. பேசின காசிலயும் கால்வாசிதான் தந்தவர்" என்றார். அவரையும் இந்தக் கணக்கில் ஏமாற்றப்பட்டவராகவே சேர்க்கிறேன்.

மின்சார ஏற்பாடு அதைவிட மோசம். மேடைக்கென்று தனி இணைப்பு கிடையாது. குளிர்பானப் பெட்டிக்குரிய சதுரமுனைச் செருகியைக் கழற்றிவிட்டு, அங்கிருந்து இழுத்த ஒரே ஒரு நீட்சி வயரில்தான் பெட்டிகள், அம்ப்ளிபயர்கள், மின்விளக்குகள் அனைத்தும் தொங்கின. அந்த வயரின் பெரும்பகுதி உருளையிலிருந்து அவிழ்க்கப்படாமல் சுற்றியபடியே கிடந்தது. கை வைத்துப் பார்த்தேன்; அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய சோற்றுப் பானையைப்போலச் சுட்டது. சுற்றிய நிலையில் வயருக்கு வெப்பம் வெளியேற வழியில்லை என்பது மின்வேலை செய்யும் எவருக்கும் தெரிந்த விடயம். நாங்களே அதை முழுவதுமாக அவிழ்த்துத் தரையில் பரப்பினோம். ஏற்பாட்டாளர் அப்போது வாசலில் நின்று காசு வாங்கிக்கொண்டிருந்தார்.

ஏழரை மணிக்குத் தொடங்கினோம். முதற்பாடலின் நடுவிலேயே ஒரு பெட்டியில் சுமை மிஞ்சியதைக் காட்டும் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது. இரண்டாவது பாடலில் நான் விரல் அழுத்தாமல் தடித்த தந்தியை மீட்டிய கணத்தில் அந்தப் பெட்டியிலிருந்து கிழிந்த கடதாசியைக் காற்றில் உதறுவதுபோன்ற சத்தம் மட்டுமே வந்தது. முன்வரிசையில் நின்ற என் சித்தியின் மகன், இது வேண்டுமென்றே செய்யும் ஒலிச் சிதைப்பு என்று நினைத்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். (இந்த இசையில் அப்படி நினைத்தால் குற்றமில்லை.) 18ஆவது நிமிடத்தில் மின்சாரம் துண்டித்து மண்டபம் இருண்டது. ஜெனரேட்டர் எடுத்துவருவதாகச் சொல்லி மோட்டார் சைக்கிளில் போன ஏற்பாட்டாளர் திரும்பி வரவேயில்லை. அவருக்குப் பதிலாக பொலிஸார் வந்து ஒலிபெருக்கி அனுமதிப்பத்திரத்தைக் கேட்டார்கள். அப்படி ஒன்று எங்கள் எவரிடமும் இல்லை.

அதன் பின்னர்தான் கொழும்புக் குழுக்களோடு அமர்ந்து பேசினோம். ஏ9 வீதியால் தங்கள் செலவில் வான் பிடித்து வந்திருந்த அவர்களிடம், ஒலியமைப்பும் ட்ரம்ஸும் யாழ்ப்பாணக் குழுவின் பொறுப்பு என்றும், அதற்காகவே அவர்களுடைய சன்மானத்தில் ஒரு பகுதி கழிக்கப்படுகிறது என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. எங்களிடமோ அவர்களுக்காகவே பெரும் செலவு ஆவதாகச் சொல்லி 20,000 ரூபா வாங்கப்பட்டது. மண்டப உரிமையாளருக்கு வாடகையின் மீதி கிடைக்கவில்லை. நிகழ்ச்சி முடியும்வரை எந்தத் தரப்பும் மற்றத் தரப்போடு நேரடியாகப் பேசவில்லை. பேசவேண்டாம் என்று எவரும் தடுக்கவுமில்லை. ஒரேயொரு தொலைபேசி அழைப்பு எடுத்திருந்தால் இந்த ஏமாற்று அன்றே உடைந்திருக்கும் என்பதை நினைக்கும்போதுதான் எனக்கு இன்னமும் ஆறவில்லை.

அறிகுறிகள் முன்பே கண்முன் இருந்தன. கட்டணம் அறவிடும் நிகழ்ச்சிகளுக்குக் கேளிக்கை வரி உண்டு. அதற்காக ரிக்கெற்றுகளை உள்ளூராட்சி மன்றத்தில் கொடுத்து முத்திரை குத்தி எடுக்க வேண்டும். எங்களுக்குத் தரப்பட்ட ரிக்கெற்றுகளோ வண்ணக் கடதாசியில் நகல் எடுத்தவை. முத்திரையும் இல்லை, தொடரிலக்கமும் இல்லை, திகதியைக்கூடப் பேனாவால் திருத்தியிருந்தார்கள். சுவரொட்டியில் நிகழ்ச்சி இரவு 11.30 வரை என்று இருந்தது. 2007ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வழங்கிய உத்தரவுக்குப் பிறகு இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் ஒலிபெருக்கி பாவிக்கச் சாதாரணமாக அனுமதி கிடைக்காது. அனுமதிக்கு விண்ணப்பித்த எவரும் 11.30 என்று அச்சடித்திருக்கமாட்டார். அந்தச் சுவரொட்டியை நானே நாலு கடைகளில் ஒட்டினேன், ஒரு முறைகூட யோசிக்கவில்லை.

பணத்தை வைப்பிலிட்ட கணக்கு அவருடைய பெயரில் இல்லை என்பதை வங்கிச் சீட்டைப் பிறகு பார்த்தபோதுதான் கவனித்தேன். பொலிஸில் முறைப்பாடு பதிந்திருக்கிறேன். மத்தியஸ்த சபைக்கும் விண்ணப்பித்தோம், அழைத்த நாளில் அவர் சமுகமளிக்கவில்லை. வாசலில் பணம் கொடுத்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம், ரிக்கெற்றை எறிந்துவிடாதீர்கள். என்னிடம் வாங்கியவர்களில் 31 பேருக்குப் பணத்தை நானே கொடுத்துவிட்டேன், அதற்காகக் கிற்றார் ஒலியை மாற்றும் என் பெடல்கள் இரண்டை விற்க நேர்ந்தது. மீதி நால்வருக்கு இந்த மாத இறுதிக்குள் கொடுப்பேன்.

திருகோணமலை நிகழ்ச்சிக்கான சுவரொட்டி நேற்று என் கைக்கு வந்தது. அதே நான்கு சப் பெட்டிகள், அதே 11.30, உள்ளூர்க் குழுக்களுக்கு இம்முறை 40 ரிக்கெற்றுகள். பெரிய மேடையொன்றின் படமும் போடப்பட்டிருக்கிறது. அது எங்கள் நிகழ்ச்சியின் சுவரொட்டியில் இருந்த அதே படம். அங்குள்ள குழுக்களுக்கு நான் சொல்வது, பணம் கொடுப்பதற்கு முன் சுவரொட்டியில் பெயருள்ள மற்றக் குழுக்களையும் மண்டபத்தையும் ஒலியமைப்பாளரையும் நீங்களே அழைத்துப் பேசுங்கள். பொலிஸ் அனுமதியின் பிரதியையும் முத்திரை குத்திய ரிக்கெற்றையும் கண்ணால் பாருங்கள். யாரைப் பற்றிச் சொல்கிறேன் என்பதில் சந்தேகம் இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். வங்கிச் சீட்டின் படத்தையும் குரல்பதிவையும் அனுப்பிவைப்பேன். கொழும்புக் குழுக்களில் ஒன்றும் தங்கள் பக்கத்து வட்ஸ்அப் உரையாடலைத் தரச் சம்மதித்திருக்கிறது.