"முழு வால்வு" என்று விற்கப்படும் பழைய கிட்டார் ஆம்ப்கள்: ஓர் எச்சரிக்கை

சென்னையில் பழைய இசைக்கருவிகளை வாங்கி விற்கும் ஒரு கடையில், "முழு வால்வு ஆம்ப் சார், வாக்ஸ் ஏசி15 மாதிரியே பேசும்" என்ற உறுதியை நம்பி நான் 38,000 ரூபாய் கொடுத்து வாங்கிய கிட்டார் ஆம்ப் (கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி), உண்மையில் ஒரே ஒரு வால்வும் (ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்) மற்றபடி ட்ரான்சிஸ்டர்களும் கொண்ட கலப்பு வகை. கடைக்காரர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். இதே போன்ற ஆம்பைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் ஏமாறக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

கலப்பு வகை என்பதாலேயே ஓர் ஆம்ப் மட்டமானதாகிவிடாது. 1990-களில் வந்த மார்ஷல் வால்வ்ஸ்டேட் வரிசை அத்தகையதுதான்; அதை விரும்பி வாசித்தவர்கள் ஏராளம். ஒன்றை வேறொன்றாகச் சொல்லி, அந்த வேறொன்றின் விலையை வாங்கியதுதான் என் புகார்.

வாக்ஸ் நிறுவனத்தின் முழு வால்வு ஆம்பான ஏசி15-இல் ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் கடைசிக் கட்டத்தில் இரண்டு இஎல்84 வால்வுகள் வேலை செய்கின்றன. வால்யூமை ஏற்ற ஏற்ற அவை தம் எல்லையை மெல்லத் தொடுவதால், மென்மையாக மீட்டினால் தெளிவாகவும் அழுத்தி மீட்டினால் இதமான கரகரப்போடும் ஒலி வரும். கிட்டாரின் வால்யூமைச் சற்றுக் குறைத்தாலே கரகரப்பு அடங்கிவிடும். நான் தேடியது இந்தக் குணத்தைத்தான் என்று கடையில் தெளிவாகச் சொல்லியிருந்தேன்.

கடைக்காரர் எல்லாக் குமிழ்களையும் தாமே அமைத்து, ரிவெர்பை (எதிரொலி விளைவை) நிறைய ஏற்றி, கடையின் கிட்டாரையே வாசித்துக் காட்டினார். நான் நடு ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிட் குமிழைத் தொடப் போனபோது, "செட்டிங் கலைஞ்சிடும் சார்" என்று தடுத்தார். முகப்புச் சல்லடைக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று ஒளிர்ந்ததைக் காட்டி, "பாருங்க, வால்வு" என்றார். பணம் கொடுத்து முடித்து, கேபிளைக் கழற்றும்போதுதான், ஆம்புக்குப் பின்னால் தரையில் கரகரப்பைச் செயற்கையாகச் சேர்க்கும் ஓர் ஓவர்டிரைவ் பெடல் விளக்கு எரிந்தபடி இணைந்திருந்தது தெரிந்தது. கேட்டதற்கு, "அது சும்மா லைன்ல கிடக்குது" என்றார்.

வீட்டில் கிட்டாரை நேராக ஆம்பில் இணைத்தபோது ஒலி மெலிந்து, கூர்மையாக இருந்தது. வால்யூமை ஏழுக்கு மேல் ஏற்றியதும் இதமான கரகரப்புக்குப் பதிலாகக் காதைக் கீறும் இரைச்சல்தான் வந்தது. பின்பக்கக் கம்பி வலை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன்: 12ஏஎக்ஸ்7 என்ற ஒரு சிறு வால்வு, அதற்குப் பின்னால் ஒட்டிய சிறு எல்இடி விளக்கு, ட்ரான்சிஸ்டர்கள் திருகப்பட்ட அலுமினியத் தகடு. கடைக்காரரிடம் சொன்னபோது, "வால்வு உள்ளதானே இருக்கு சார், நான் என்ன பொய் சொன்னேன்?" என்று கேட்டார்.

ஆகவே, பழைய ஆம்ப் வாங்குவோர் முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். முழு வால்வு ஆம்பில் சிறிய 12ஏஎக்ஸ்7 வகையுடன், இஎல்84, இஎல்34, 6வி6, 6எல்6 போன்ற, கடைசிக் கட்டத்தில் ஸ்பீக்கரை இயக்கும் பவர் வால்வுகளும், மின்சாரத்துக்கு ஒன்றும் ஸ்பீக்கருக்கு ஒன்றுமாக இரண்டு ட்ரான்ஸ்ஃபார்மர்களும் இருப்பது வழக்கம். அணைத்த பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் அளவு மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும் என்பதால், பெட்டியைக் கழற்றாமல் வெளியிலிருந்தே பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்ததாக இருந்தால் 120 வோல்ட்டா என்பதையும் கவனியுங்கள். நம் 230 வோல்ட்டில் அப்படியே செருகினால் கெட்டுவிடும்.

அடுத்து, உங்கள் கிட்டாரையும் ஒரே ஒரு கேபிளையும் எடுத்துச் சென்று, பெடல் எதுவும் இல்லாமல், ரிவெர்பைப் பூஜ்யத்தில் வைத்து நீங்களே வாசியுங்கள். கெயினை (முதல் கட்டத்துப் பெருக்கம்) குறைத்து மாஸ்டரை (கடைசிக் கட்டத்துக்குப் போகும் ஒலியளவு) ஏற்றியும், மாஸ்டரைக் குறைத்து கெயினை ஏற்றியும் கேட்டால் கரகரப்பு எந்தக் கட்டத்தில் பிறக்கிறது என்பது புரியும். மிட் குமிழை முழுவதுமாகத் திருப்பிப் பாருங்கள்; ஃபெண்டர் நிறுவனப் பாணி ஆம்ப்களில் பேஸ், மிட், ட்ரெபிள் ஆகிய மூன்று குமிழ்களும் நடுவில் நின்றாலும் நடு ஒலி குழிந்தே இருக்கும், மிட்டை முழுக்க ஏற்றி பேஸையும் ட்ரெபிளையும் நன்கு இறக்கினால்தான் அது நிமிரும். தனியறையில் அழகாகக் கேட்கும் குழிந்த ஒலி, டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேரும்போது காணாமல் போய்விடும். குமிழைத் தொட விடாத கடையில் வாங்கவே வாங்காதீர்கள்.

எனக்குத் தந்த பில்லில் "ஆம்ப் - 1" என்று மட்டுமே இருந்தது. மாடல் பெயர், வரிசை எண், "பவர் பகுதியும் வால்வு" என்ற வாசகம் ஆகிய மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன்; பணம் திரும்பாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.