கொடுத்தது உலோகம், வந்தது ரெசின்: மினியேச்சருக்கு வர்ணம் அடிக்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீட்டர்மரிட்ஸ்பர்க் பக்கம் வரலாற்றுப் போர் மினியேச்சர் விளையாடுகிறவர்கள், அதிலும் வர்ணம் அடிக்க வெளியே கொடுக்கிறவர்கள், அடுத்த பெட்டியைக் கூரியரில் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு வர்ணம் அடித்துக் கொடுத்தவர் உலோக உருவங்களை வைத்துக்கொண்டு, அச்சில் வார்த்த ரெசின் (ஒரு வகைப் பிளாஸ்டிக்) நகல்களை அனுப்பிவிட்டார். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. விவகாரம் இன்னும் முடியவில்லை. பெயர் போட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். எப்படிச் செய்தார் என்பதைச் சொல்கிறேன். உங்களுக்கு உதவப் போவது அதுதான்.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 28 மில்லிமீட்டர் அளவுப் பொம்மைகளை வைத்துப் பழைய போர் ஒன்றை மேசைமேல் நடத்துவோம். அளவுநாடா பிடித்து அங்குலக் கணக்கில் நகர்த்துவோம், பகடை உருட்டி யார் விழுந்தார்கள் என்று பார்ப்போம். விளையாடும் நேரத்தைவிட வர்ணம் அடிக்கும் நேரம் பல மடங்கு. "இதற்குப் பதில் கொலு வைத்தால் புண்ணியமாவது கிடைக்கும்" என்பது என் அம்மாவின் நிரந்தரக் கருத்து.

இங்கே பெரும்பாலானவர்கள் 1879இன் ஜூலுப் போரில்தான் தொடங்குவார்கள். இசாண்டில்வானா, ரோர்க்ஸ் டிரிஃப்ட் போர்க்களங்கள் இரண்டும் நம் மாகாணத்திலேயே இருக்கின்றன, அதற்கான பிளாஸ்டிக் பெட்டிகளும் தாராளமாகக் கிடைக்கின்றன. எனக்கு ஆசை, ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் (இங்கே குடியேறிய டச்சு வம்சாவளியினர்) நடந்த போரின் ஸ்பியோன்கோப் சண்டை மேல். 1900 ஜனவரி 23 இரவு ஆங்கிலேயப் படை இருட்டில் அந்த மலையில் ஏறியது. விடிந்தபோது ஒரே பனிமூட்டம். பாறை நிலத்தில் முழங்கால் ஆழத்துக்கே பதுங்குகுழி வெட்ட முடிந்தது. மூட்டம் விலகிய பிறகுதான், வெட்டிய இடம் சரியான விளிம்பே இல்லை, சுற்றியுள்ள மேடுகளிலிருந்து போயர்கள் நேராகச் சுடலாம் என்று தெரிந்தது. அன்று முழுக்க ஆங்கிலேயர்கள் செத்து மடிந்தார்கள். இரவில் இரண்டு தரப்புமே பின்வாங்கின. மறுநாள் காலையில் திரும்பி ஏறிப் பார்த்த போயர்களுக்குக் காலி மலை கிடைத்தது. மேசையில் ஆட இதைவிடச் சுவையான போர் எனக்குத் தெரியாது.

இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் போரில் காயம்பட்டவர்களைத் தூக்கியவர்களில் நம்மவர்கள் இருந்தார்கள். காந்தி சேர்த்த இந்திய ஆம்புலன்ஸ் படையில் ஏறக்குறைய 1,100 பேர். அதில் சுமார் 300 பேர்தான் ஒப்பந்தத்தில் கட்டுப்படாத சுதந்திர இந்தியர்கள், மற்றவர்கள் தோட்டங்களிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள். ஸ்ட்ரெச்சரைத் தோளில் வைத்து ஒரு நாளைக்கு 20, 25 மைல்கூட நடந்திருக்கிறார்கள். மலைமேல் படுகாயம் பட்ட ஆங்கிலேய ஜெனரல் உட்கேட்டைச் சுமந்தவர்களும் இவர்களே.

28 மில்லிமீட்டரில் இவர்களுக்குப் பொம்மை நான் தேடியவரை கிடைக்கவில்லை. அதனால் இங்கிலாந்திலிருந்து உலோக ஸ்ட்ரெச்சர் உருவங்கள் வரவழைத்து, ஹெல்மெட்டை அரத்தால் அராவி எடுத்துவிட்டு, கிரீன் ஸ்டஃப் என்னும் பிசைந்து ஒட்டும் புட்டியால் முண்டாசு கட்டினேன். அந்தப் படையின் குழுப் படங்களில் கைப்பட்டையோடு நிற்பவர்கள் தலைவர்களாக இருந்தவர்கள். கரும்புக் காட்டிலிருந்து வந்தவன் தலையில் முண்டாசுதான் இருந்திருக்கும் என்று நானே முடிவுசெய்தேன், யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மஞ்சளும் நீலமுமான இரண்டு பட்டையைப் பிசைந்தால் பச்சையாகும் புட்டி அது. ஊசி முனையால் மடிப்பு மடிப்பாக இழுத்துக்கொண்டிருந்தபோது ஒரு உருவத்தின் முண்டாசில் என் கட்டைவிரல் பட்டு ரேகை பதிந்துவிட்டது. பார்க்கத் துணி நெசவுபோல் அழகாக இருந்ததால் அழிக்காமல் விட்டேன். இந்த ரேகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு முண்டாசு கட்ட முடிந்தாலும் தோட்டா வார் பட்டைக்கு வர்ணம் அடிக்க முடியவில்லை. அதனால் வெளியே கொடுத்தேன். ஆங்கிலேயத் தரப்பில் லங்காஷர் ஃப்யூசிலியர்கள், தார்னிகிராஃப்டின் குதிரைப் படையினர், எதிர்த் தரப்பில் போயர்கள், இந்த ஸ்ட்ரெச்சர் ஆட்கள் என மொத்தம் 60 உருவங்கள். ஒன்றுக்கு 95 ரேண்ட், பாதி முன்பணம், மீதி அனுப்பும் முன். அவர் காட்டிய மாதிரிப் படங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல் இருந்தன. "காந்தத்தில் ஒட்டும் பேஸ் இலவசம்" என்று வேறு போட்டிருந்தார். பேஸ் என்றால் உருவம் நிற்கும் அடித்தட்டு. நம் பக்கத்துப் பையன்தான், முதல் பேச்சிலிருந்தே "அண்ணா, அண்ணா" என்றான். இனி மரியாதையாகவே எழுதுகிறேன்.

தாமதம் ஆனது. மின்வெட்டு, வர்ணம் தெளிக்கும் கம்ப்ரஸர் ஓடவில்லை என்றார். அப்புறம் ஈரம் அதிகம், வார்னிஷ் காயவில்லை என்றார். இரண்டும் இந்த ஊரில் யாரும் நம்பக்கூடிய காரணங்கள். கடைசியில் எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பி, எட்ட நின்று எடுத்த ஒரே ஒரு படம் வந்தது. மீதிப் பணத்தைப் போட்டேன், பெட்டி வந்தது.

திறந்ததும் முதலில் தெரிந்தது சாதாரண மோசம்தான். உருவங்கள்மேல் வெள்ளையாகத் தூள் படிந்ததுபோல் இருந்தது. ஈரக் காற்றில் பளபளக்காத மேட் வார்னிஷைத் தெளித்தால் இப்படிப் பூத்துவிடும். டர்பனில் பிப்ரவரியில் மழை நாளில் ஸ்ப்ரே டப்பாவைத் தொடவே கூடாது. மேலே ஒரு கை பளபள வார்னிஷ் அடித்துக் காயவிட்டு, வறண்ட நாள் பார்த்து மறுபடி மேட் அடித்ததும் பெரும்பாலும் சரியாகிவிட்டது. போயர்களைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. அத்தனை பேருக்கும் ஒரே பழுப்புக் கோட்டு, ஒரே பழுப்புத் தொப்பி. பீரங்கிப் படை, போலீஸ் தவிர போயர்களுக்குச் சீருடையே கிடையாது. வீட்டில் போட்ட உடையோடு குதிரை ஏறி வந்தவர்கள். ஆர்டர் கொடுக்கும்போதே இதை எழுதி, படங்களும் சேர்த்து அனுப்பியிருந்தேன். கேட்டதற்கு "அடுத்த ஆர்டரில் பத்து சதவீதம் குறைத்துக்கொள்கிறேன் அண்ணா" என்றார். சரி, கைக்கு வந்த வேலை அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன். இத்தோடு நின்றிருந்தால் இந்தப் பதிவே இல்லை.

டர்பன் சாட்ஸ்வர்த்தில் ஒரு மண்டபத்தில் ஆட்டம் போட்டோம். யாரோ கை நீட்டியதில் ஒரு சிப்பாய் சாய்ந்து துப்பாக்கி முனை பட்டென்று ஒடிந்தது. எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் உண்டு, எல்லோருக்கும் அங்கிள். பல வருடம் தானே ஈயம் உருக்கி வார்த்தவர். ஒடிந்த துண்டை எடுத்துக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"தம்பி, இது மெட்டல் என்று சொன்னாயே?"

"மெட்டல்தான் அங்கிள். நானே வாங்கியது."

"மெட்டல் வளையும். இது ஏன் பிஸ்கட் மாதிரி ஒடிகிறது?"

ஒடிந்த இடம் சாம்பல் நிறமாக மின்னவில்லை. வெண்ணெய் நிறத்தில் இருந்தது. ரெசின்.

அங்கேயே ஒரு பேஸைக் கத்தியால் நெம்பிக் கழற்றினோம். மணலும் புல்லும் ஒட்டிய பூச்சுக்குக் கீழே, இரும்பு வாஷர் ஒன்றின்மேல் இன்னொன்றாக வைத்து ஒட்டியிருந்தது. காந்தத்தில் ஒட்ட ஒரு மெல்லிய தகடு போதும். எடை குறைந்தது கையில் தெரியாமல் இருக்கத்தான் இத்தனை வாஷர். வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசில் வைத்தேன். அதே பாக்கெட்டில் நான் அனுப்பாமல் வைத்திருந்த உலோகச் சிப்பாய் 14 கிராம். திரும்பி வந்தவன் பேஸ் இல்லாமல் 2 கிராம். பக்கத்தில் நிறுத்தி வெர்னியர் அளவுகோல் வைத்தால் வந்தவன் ஒரு மயிரிழை குட்டை, ஏனென்றால் வார்த்து எடுக்கும் நகல் கொஞ்சம் சுருங்கும். பித்தான்கள் மழுங்கியிருந்தன. தாடைக்குக் கீழே ஊசி குத்தியதுபோல் காற்றுக் குமிழித் துளைகள். பூட்ஸின் பக்கவாட்டில் அச்சின் இரண்டு பாதியும் சரியாகப் பொருந்தாத ஒரு படி. வர்ணத்துக்கு அடியில் தேடினால்தான் இதெல்லாம் தெரியும், சும்மா பார்த்தால் தெரியாது.

கடைசியாக அந்த முண்டாசுக்காரனை எடுத்தேன். ரேகை இருந்தது. பிளேடால் மெல்லச் சுரண்டினேன். வர்ணத்துக்குக் கீழே பச்சை வர வேண்டும், என் புட்டி பச்சை. வந்தது வெண்ணெய் நிறம். தலையும் முண்டாசும் உடம்பும் ஒரே வார்ப்பு. என் கட்டைவிரல் ரேகையை அச்செடுத்து, ரெசினில் வார்த்து, வர்ணம் பூசி, அதற்குக் காசும் வாங்கிக்கொண்டு எனக்கே அனுப்பியிருக்கிறார்.

வாட்ஸாப்பில் கேட்டேன். முதலில் "நீங்கள் அனுப்பியதுதான் அண்ணா". சுரண்டிய படத்தை அனுப்பியதும் "உதவிக்கு வைத்த பையன் பெட்டியை மாற்றிவிட்டான் போல". அசலை அனுப்பச் சொன்னதும் என்னை பிளாக் செய்துவிட்டார். சில வாரம் கழித்து ஜோஹானஸ்பர்க் நண்பர் ஒருவர் ஒரு விற்பனைப் படம் அனுப்பினார்: "அரிய இந்திய ஆம்புலன்ஸ் படை, வர்ணம் அடிக்காதது, செட் விற்பனைக்கு." வரிசையில் ஓரமாக நின்றவன் தலையில் அதே ரேகை. உடம்பைச் செதுக்கியவர் இங்கிலாந்தில் இருக்கிற ஒரு சிற்பி, முண்டாசு என்னுடையது. இரண்டு பேரையும் கேட்காமல் மூன்றாவது ஆள் கடை போட்டிருக்கிறார்.

நம் மாகாணத்திலேயே நேர்மையாக, அருமையாக வர்ணம் அடிக்கிற நாலைந்து பேரை எனக்குத் தெரியும். அவர்கள் பிழைப்பில் மண் விழக்கூடாது. கேட்பதைக் கேட்டால் அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முக்கியமாக, பேஸ் ஒட்டும் வேலையை வெளியே விடாதீர்கள். பேஸ் இல்லாமல் திரும்பி வரும் உருவத்தில் வாஷரை ஒளிக்க இடமில்லை, காலடி உலோகமும் கண்ணுக்குத் தெரியும். அனுப்பும் முன் காலடியில் சின்ன அரத்தால் ஒரு வெட்டு போட்டு, தராசில் வைத்தபடியே படம் எடுத்துவிடுங்கள். வெட்டையும் நகல் எடுக்கலாம், ஆனால் எடையையும் சேர்த்து நகல் எடுக்க உலோகத்தில்தான் வார்க்க வேண்டும். அந்தச் சிரமத்துக்கு ரீகாஸ்ட் (நகல் வார்ப்பு) ஆசாமிகள் பெரும்பாலும் போக மாட்டார்கள். பிரைமர் (அடிப்பூச்சு) அடிக்கும் முன் ஒரு படம், அடித்த பின் ஒரு படம் கேளுங்கள், தேதி எழுதிய துண்டுச் சீட்டோடு. எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. நீங்கள் கை வைத்து மாற்றிய உருவங்களை அடையாளம் தெரியாத ஆளிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அவருக்கு அது வெறும் பொம்மை இல்லை, அச்சு.

ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: 20,000 ரேண்டுக்கு உட்பட்டதென்றால் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது. வக்கீல் வேண்டாம், வைத்துக்கொள்ளவும் அனுமதி இல்லை. முதலில் பணத்தையோ பொருளையோ கேட்டு எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து 14 நாள் அவகாசம் தர வேண்டும், அதைக் கொடுத்ததற்கு ஆதாரமும் வேண்டும். பிறகு நீதிமன்ற எழுத்தரிடம் போனால் சம்மனுக்கு வழி சொல்வார். என்னிடம் இங்கிலாந்துக் கடை பில் இருக்கிறது, வங்கிப் பரிமாற்றச் சீட்டு இருக்கிறது, புட்டி காயும் முன்பே எடுத்த படங்கள் போனில் தேதியோடு இருக்கின்றன. கேட்பது வர்ணக் கூலி 5,700 ரேண்டும் அசல் உருவங்களின் விலையும். முண்டாசுக்கு என்ன விலை போடுவது என்று அங்கிளும் நானும் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறோம். அவர் போடச் சொல்லும் தொகை கொஞ்சம் ஜாஸ்தி.

கடிதம் போய்விட்டது, அவகாசம் ஓடிக்கொண்டிருக்கிறது. இதற்கிடையில் உங்களிடம் ஒரு உதவி. ஸ்ட்ரெச்சர் தூக்கும் உருவம், முன் கைப்பிடியைப் பிடித்திருப்பவன், முண்டாசின் பின்பக்கம் இடது காதுக்கு மேலே சாய்வாக ஓடும் ரேகைக் கோடுகள். எங்கே விலைக்குக் கண்டாலும் வாங்காதீர்கள். விலையும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள். விசாரணையில் வைக்க வேண்டும்.