ரவுட்டருக்கு “லெவல் செட்டிங்” என்று பில் போட்டால், எந்த லெவல் என்று கேளுங்கள்

எங்கள் லோக்கல் கேபிள் சேனலுக்குப் போன வருடம் பழைய அனலாக் ரவுட்டர் ஒன்று வாங்கினோம். இன்டர்நெட் ரவுட்டர் இல்லை; எந்தக் கேமரா, பிளேயரின் படமும் சத்தமும் எந்த லைனுக்குப் போக வேண்டும் என்று பட்டனில் மாற்றிவிடும் சாதனம். 16 இன்புட், 16 அவுட்புட். வீடியோவுக்கு ஒரு பெட்டி, ஆடியோவுக்கு ஒரு பெட்டி. கொட்டேஷனில் “வீடியோ, ஆடியோ லெவல் கான்ஃபிகரேஷன்” என்று தனி வரி போட்டு 28,000 ரூபாய். அந்த ஒரு வரியில்தான் ஏமாந்தோம்.

ரவுட்டர் வேலையில் லெவல் என்றால் இரண்டு அர்த்தம். வீடியோ லெவல் 1, ஆடியோ லெவல் 2 என்று பிரித்து, பட்டனை அழுத்தினால் இரண்டும் சேர்ந்து மாறும்படி வைப்பது ஒன்று. ஒவ்வொரு லைனிலும் சிக்னல் எத்தனை வோல்ட் வருகிறது என்று அளந்து சரிசெய்வது இன்னொன்று. ரவுட்டர் போட வந்தவர் லேப்டாப்பில் முதல் வேலையை மட்டும் அரை மணி நேரத்தில் முடித்தார். பட்டனை அழுத்திக் காட்டினார், படமும் சத்தமும் மாறின. கையெழுத்தும் முழுப் பணமும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் பையில் ஸ்கோப்பும் (சிக்னல் வோல்ட்டை அலையாகக் காட்டும் கருவி) இல்லை, மீட்டரும் இல்லை.

மறுநாளே படம் மங்கல். போன் செய்தால், “கேமரா பழசு சார், அதான்” என்றார். அப்புறம் ஒரு டிஸ்ட்ரிபியூஷன் ஆம்ப்ளிஃபையரை (ஒரு சிக்னலைப் பல லைனுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) விற்று, அதில் கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, ஏற்றிவிட்டுப் போனார். படம் பளிச்சென்று ஆனது. சரி, முடிந்தது என்று நினைத்தோம்.

தேர்த் திருவிழா நேரலைக்கு முந்தின நாள், ரவுட்டர் பக்கத்தில் இருந்த பிரிவியூ மானிட்டரை ரிப்பேருக்குக் கழற்றினோம். மறுநாள் நேரலையில், வடம் பிடித்தவர்களின் வேட்டியெல்லாம் மடிப்பே தெரியாத வெள்ளைத் திட்டாகிவிட்டது. பிளேயரிலிருந்து ஆடியோ மிக்ஸருக்கு மாறியதும் நாதஸ்வரம் கிழிந்து வந்தது. வீட்டில் பார்த்த பெரியவர்கள் போன் செய்து திட்டினார்கள். வருடத்துக்கு ஒரு நாள் வரும் தேர் அது. இன்னும் எனக்கு ஆறவில்லை.

தூர்தர்ஷனில் இருந்து ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் ஸ்கோப்போடு வந்தார். “தம்பி, டெர்மினேஷனைப் பாத்தீங்களா?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. வீடியோ லைனின் முடிவில் ஒரே ஒரு 75 ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும்; அதுதான் டெர்மினேஷன். ரவுட்டர் இன்புட்டில் உள்ளேயே அந்த 75 ஓம் இருக்கிறது. டி கனெக்டர் போட்டு அதே லைனை மானிட்டருக்கும் கொடுத்திருந்தார்கள். மானிட்டரிலும் 75 ஓம் சுவிட்ச் ஆனில். அதனால் 1 வோல்ட் வர வேண்டிய வீடியோ 0.67 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தது. கேமராவில் ஒரு குறையும் இல்லை. வோல்ட் இறங்கியதை ரவுட்டர் போட்டவர் கெயினால் மூடி மறைத்திருக்கிறார். மானிட்டரைக் கழற்றியதும் லெவல் 1.5 வோல்ட்டுக்குப் பாய்ந்துவிட்டது. ஒரு சுவிட்சை ஆஃப் செய்திருந்தால் ஆம்ப்ளிஃபையரே தேவைப்பட்டிருக்காது!

ஆடியோவும் அதே கதைதான். மிக்ஸர் கொடுப்பது +4 டிபியு, அதாவது 1.23 வோல்ட். வீட்டு உபயோகப் பிளேயர் கொடுப்பது சுமார் 0.32 வோல்ட். இரண்டுக்கும் கிட்டத்தட்ட 12 டெசிபல் வித்தியாசம். ரவுட்டரில் ஒவ்வொரு ஆடியோ இன்புட்டுக்கும் தனிக் கெயின் இருந்தும் எதையும் தொடவே இல்லை.

ரவுட்டர் போட்டவரிடம் கேட்டதற்கு, “லெவல் கான்ஃபிகரேஷன் பண்ணிட்டேனே, நீங்களே கையெழுத்து போட்டிருக்கீங்க” என்கிறார். இப்போது போனே எடுப்பதில்லை.

நீங்கள் ரவுட்டர் போடுவதாக இருந்தால் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்: ஒவ்வொரு இன்புட்டிலும் கலர் பார் (வண்ணப் பட்டைச் சோதனைப் படம்) கொடுத்து, அவுட்புட்டில் சிங்க் (படத்தை ஓடாமல் நிறுத்தும் துடிப்பு) 0.3, படம் 0.7 வோல்ட் என்று ஸ்கோப்பில் காட்ட வேண்டும். 1 கிலோஹெர்ட்ஸ் டோன் (ஒரே சீரான சோதனை ஒலி) கொடுத்து ஆடியோவையும் அளந்து காட்ட வேண்டும். அந்த அளவுகளைத் தாளில் எழுதிக் கையெழுத்து போட்டுத் தரும்வரை பாதிப் பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள். கண்ணால் மானிட்டரைப் பார்த்து “ஓகே” சொல்வதை ஏற்காதீர்கள்.

அந்தப் பொறியாளர் 16 லைனையும் அளந்து எழுதித் தந்த தாளை ரவுட்டர் ரேக்கில் ஒட்டி வைத்திருக்கிறேன். மாதிரி வேண்டுமென்றால் கேளுங்கள், படம் எடுத்து அனுப்புகிறேன்.