ரகசியச் சொல்லா, திருப்பிக் கூப்பிடுவதா?

"அப்புச்சி, வண்டி மோதிருச்சுங்க, முப்பதாயிரம் உடனே போட்டுவிடுங்க." பெருந்துறைப் பெரியவருக்குத் திருப்பூர்ப் பேரன் குரலிலேயே இப்படி ஒரு போன் வந்தால்? பேசுவது அவன் குரலைப் போலிசெய்த மோசடிக்காரனாகவும் இருக்கலாம். 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அறிவித்த வால்-இ என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள், மூன்று நொடிப் பதிவை வைத்தே ஒருவர் குரலில் பேசியது. நம் கல்யாண வீடியோவில் அதைவிடத் தாராளமாகக் கிடைக்கும்.

பேசுவது நம்மாள்தானா என்று கேட்டுப் பார்க்க வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல் வைக்கலாம்; 2024 டிசம்பரில் அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யே சொன்ன யோசனை. காசு செலவில்லை. ஆனால் பதற்றத்தில் மறந்துபோகும். நம்மாட்கள் குலதெய்வம் பேரைத்தான் வைப்பார்கள், அது ஊருக்கே தெரியும். அதையும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவைப்பார்கள்!

என் ஓட்டு இரண்டாவது வழிக்கு: போனை வைத்துவிட்டு, நம்மிடம் இருக்கும் எண்ணுக்கு நாமே கூப்பிடுவது. வருகிற அழைப்பில் எந்த எண்ணையும் போலியாகக் காட்டலாம். நாம் போடுகிற அழைப்பு பேரனின் எண்ணுக்கே போகும். அவன் போனில் கால் ஃபார்வர்டிங்கை, அதாவது அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் வசதியை, யாராவது ஏமாற்றிப் போட்டுவிட்டிருந்தால் சிக்கல்தான். பனியன் கம்பெனி இரைச்சலில் அவன் எடுக்காவிட்டால் மகளைக் கூப்பிடுங்கள். யாருமே எடுக்காதபோதுதான் அந்தச் சொல்லுக்கு வேலை.

பணம் போய்விட்டதா? வெட்கப்படாமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போடுங்க.