"டர்போ போயிடுச்சு" என்று சொன்னால் உடனே பணம் கட்டாதீர்கள்: கோத்தகிரியிலிருந்து ஓர் எச்சரிக்கை

மலை ஏறும்போது டீசல் கார் திடீரென்று இழுக்காமல் போனால், "டர்போ போயிடுச்சு சார், மாத்தணும்" என்று ஒரே பேச்சில் முடித்துவிடும் பட்டறைகள் அடிவாரத்தில் இருக்கின்றன. டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம். அப்படி ஒரு பட்டறையில் நாங்கள் 42,000 ரூபாய் கட்டினோம். புது டர்போ போட்டாச்சு என்று சொல்லிக் கொடுத்த வண்டி, சில வாரங்களிலேயே, அம்மாவும் பிள்ளைகளும் உள்ளே இருக்கும்போது நடுமலையில் தன்னால் உறுமத் தொடங்கியது. சாவியைத் திருப்பி அணைத்தும் இன்ஜின் நிற்கவில்லை. நீலகிரியில் பழைய டீசல் வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை.

எங்களுடையது 2014 மாடல் எர்டிகா டீசல். உள்ளே இருப்பது ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜின். மாருதி அதை உரிமம் வாங்கி இங்கேயே தயாரித்து டிடிஐஎஸ் என்ற பெயரில் போட்டது. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், டாடா விஸ்டா, ஃபியட் புன்ட்டோ என்று ஏகப்பட்ட வண்டிகளில் இதே இன்ஜின்தான் என்பதால் 'தேசிய டீசல் இன்ஜின்' என்றே இதற்குப் பெயர் விழுந்தது. ஸ்விஃப்டில் வந்தது 75 பிஎஸ் (குதிரைத்திறன்). எர்டிகாவில் அதே இன்ஜினுக்கு, இறக்கைகளின் கோணம் மாறக்கூடிய டர்போவைப் பொருத்தி 90 பிஎஸ் ஆக்கினார்கள். இழுவை 200 நியூட்டன் மீட்டர், அதுவும் 1,750 ஆர்பிஎம்மிலேயே கிடைத்துவிடும். ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் லட்சக்கணக்கான கிலோமீட்டர் உழைக்கும் இன்ஜின் இது. டாக்ஸி ஓட்டுகிறவர்களைக் கேட்டால் அவர்களே சொல்வார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகை மாசு விதி வந்தபோது மாருதி டீசலையே நிறுத்திவிட்டது. ஆக, இன்று ஓடுகிற 1.3 டீசல் மாருதி எல்லாமே வயதான வண்டிகள். டர்போவைக் காட்டிப் பயமுறுத்திப் பணம் பார்க்க இதைவிட நல்ல காலம் கிடையாது.

எங்களுக்கு நடந்தது இதுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும்போது குஞ்சப்பனை தாண்டியதும் வண்டி சோர்ந்துவிட்டது. இரண்டாவது கியரில் மிதித்தால் முன்பக்கத்திலிருந்து 'உஸ்ஸ்' என்று காற்று கசிகிற சத்தம், பின்னால் கரும்புகை, டாஷ்போர்டில் இன்ஜின் விளக்கு. மெதுவாகத் திருப்பி, கீழே இறக்கி, அந்தப் பட்டறையில் விட்டோம். ஸ்கேனர் மாட்டினார்கள். பி 0299 என்ற கோளாறுக் குறியீடு வந்தது. பட்டறைக்காரர் அந்தத் திரையை எங்களிடம் திருப்பிக் காட்டி, "பாருங்க சார், கம்ப்யூட்டரே சொல்லுது, டர்போ காலி" என்றார்.

அந்தக் குறியீடு அப்படிச் சொல்லவில்லை. பி 0299 என்றால் டர்போ தர வேண்டிய காற்றழுத்தம் இன்ஜினுக்கு வந்து சேரவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். ஏன் சேரவில்லை என்று அது சொல்லாது. காற்று போகும் ஹோஸ் கிழிந்திருக்கலாம், அதைப் பிடிக்கும் கிளாம்ப் கழன்றிருக்கலாம், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் ஓட்டை இருக்கலாம், டர்போவின் இறக்கைகள் கரி பிடித்துச் சிக்கியிருக்கலாம், அவற்றை அசைக்கும் வேக்குவம் குழாய் விட்டுப்போயிருக்கலாம். டர்போவே செத்துப்போவது இதில் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். முதலில் பார்க்க வேண்டியது, பத்து நிமிடத்தில் கையால் தடவிப் பார்க்கக்கூடிய ஹோஸ்.

வண்டியை எடுக்கப் போனபோது பழைய டர்போவைக் கேட்டோம். "எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பிட்டோம் சார்" என்றார்கள். பில் என்று கொடுத்தது பெயர் அச்சடித்த ஒரு துண்டுத்தாள். 'டர்போ, லேபர்' என்று இரண்டு வரி. ஜிஎஸ்டி எண் கிடையாது, டர்போவின் சீரியல் நம்பர் கிடையாது. சரி, வண்டி நன்றாக இழுத்தது. வீட்டுக்கு வந்தோம்.

அப்புறம் கோவை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், அரவேனுவுக்குக் கீழே ஒரு ஏற்றத்தில், படார் என்று ஒரு சத்தம். இழுவை போனது. அடுத்த நொடி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தும் இன்ஜின் தானாக ஏறத் தொடங்கியது. கிளட்சை மிதித்ததும் ஆர்பிஎம் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. பின்னால் வெண்ணீலப் புகை, சாலையே தெரியவில்லை. ஓரங்கட்டிச் சாவியை அணைத்தேன், நிற்கவில்லை. டர்போவில் ஆயிலைத் தடுக்கும் சீல் உடைந்து, இன்ஜின் தன்னுடைய ஆயிலையே காற்றோடு உறிஞ்சி எரித்துக்கொண்டிருந்தது. டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது, அழுத்தச் சூட்டிலேயே எரியும். சாவியை அணைத்தால் டீசல்தான் நிற்கும், உறிஞ்சுகிற ஆயில் நிற்காது.

இதை மட்டும் தயவுசெய்து மனதில் வையுங்கள். கையால் கியர் மாற்றும் வண்டியில் இப்படி நடந்தால், வண்டியை நிறுத்தி, பிரேக்கை முழுக்க அழுத்தி, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்து, ஐந்தாவது கியரைப் போட்டு, கிளட்சை ஒரேயடியாக விட வேண்டும். இன்ஜின் மூச்சுத் திணறி நின்றுவிடும். என் மாமா பல வருடம் லாரி ஓட்டியவர், அவர் சொல்லி வைத்திருந்ததால் அதைத்தான் செய்தேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது. உள்ளே இருப்பவர்களை இறக்கித் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பானெட்டைத் திறந்து குழாயில் கை வைக்கப் போகாதீர்கள். திரும்ப ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது.

வண்டியைக் கட்டி இழுத்து கோத்தகிரியில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணாவிடம் கொண்டுபோனோம். எதையும் கழற்றுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் படம் எடுக்கச் சொன்னார். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸை உருவித் திருப்பினார். "தம்பி, இங்க பாருங்க." அடிப்பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல். அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப், மூன்று நான்கு சுற்று, ஆயிலில் ஊறிப் பிரிந்து தொங்கியது. எங்கள் வீட்டில் யாரும் அங்கே டேப் சுற்றவில்லை. கிழிசலைக் கண்ணால் பார்த்து, அதுதான் கோளாறு என்று தெரிந்து, அதை டேப்பால் மறைத்துவிட்டு டர்போவுக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

டர்போவைக் கழற்றியதும் மற்றதும் வெளியே வந்தது. வெளி ஓடு முழுக்கப் பழைய துரு. அது எங்கள் பழைய டர்போவின் ஓடேதான். நடுவில் சுழலும் பாகமான 'கோர்' மட்டும் மாற்றியிருந்தார்கள், அதில் எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லை. நம்பர் பொறித்த தகடு இருந்த இடத்தில் வெறும் துளைகள். ஆயில் வரும் மெல்லிய குழாயையும் மாற்றவில்லை. அதன் முனையில் கரி அடைத்து, கம்பி விட்டுக் குத்தித்தான் எடுக்க வேண்டியிருந்தது. இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்தபோது கீழே வைத்த பேசினில் கறுப்பு ஆயில் கொட்டிக்கொண்டே இருந்தது. அதை வடிக்காமல் ஸ்டார்ட் செய்திருந்தால் இன்ஜின் மறுபடியும் அதையே குடித்து ஓடியிருக்கும்.

ஏன் இது இவ்வளவு பெரிய குற்றம் என்று சொல்ல வேண்டும். சின்னக் கார்களின் டர்போ நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும். அதன் நடு அச்சான ஷாஃப்ட் ஓர் ஆயில் படலத்தின் மேல் மிதந்துதான் சுற்றுகிறது. ஆயில் வரும் குழாய் அடைத்தால் அந்தப் படலமே இல்லை. இன்னொரு பக்கம், ஹோஸ் கிழிந்து காற்று கசிந்தால், கேட்ட அழுத்தத்தைக் கொண்டுவர டர்போ அளவுக்கு மீறிச் சுற்றும். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் டர்போவுக்கு ஏற்கெனவே கூடுதல் வேலை. கசிவு, அடைப்பு, மட்டமான கோர், மலை ஏற்றம், நான்கும் சேர்ந்தால் வேறு என்ன நடக்கும்? பட்டறையைப் போனில் கேட்டபோது, "மலையில ஓட்டினா டர்போ அப்படித்தான் போகும்" என்றார்கள். மலை ஏறுவதற்கு டர்போதான் துணை. ஒழுங்காகப் பொருத்திய டர்போக்கள் இந்த மலையில் தினமும் ஏறி இறங்குகின்றன.

டர்போ மாற்ற வேண்டும் என்று உங்களிடம் யாராவது சொன்னால், முதலில் ஹோஸ்களைக் கழற்றி உங்கள் கண்முன் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு டர்போவின் காற்று நுழையும் வாயைத் திறந்து, ஷாஃப்டை விரலால் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். லேசான ஆட்டம் இருக்கலாம். இறக்கை ஓட்டில் உரசியிருந்தாலோ முனை தேய்ந்திருந்தாலோதான் அது உண்மையிலேயே போனது. தகட்டில் உள்ள நம்பரைக் கழற்றும் முன்னும் மாட்டிய பின்னும் படம் எடுங்கள். பழையதைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். எக்ஸ்சேஞ்ச் என்றால் அதன் விலையைப் பில்லில் கழித்துக் காட்டட்டும். புதியதா, ரீகண்டிஷனா என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். ஆயில் குழாயும் ஆயிலும் ஃபில்டரும் மாற்றாமல் டர்போ மட்டும் மாற்றுகிறவரிடம் வண்டியை விட வேண்டாம். மலை ஏறி வந்த உடனே சாவியை அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள், சூட்டில் ஆயில் கரியாவது குறையும்.

எங்கள் இன்ஜின் தப்பித்தது. கம்ப்ரஷன் சரியாக இருந்தது. புது டர்போ, புது ஹோஸ், ஆயில் குழாய் எல்லாம் போட்டு மறுபடியும் செலவு. முதலில் தேவைப்பட்டது அந்த ஒரு ஹோஸ் மட்டும்தான் என்பதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்தோம். பட்டறையிலிருந்து பதில் வரவில்லை. 2019 சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஊட்டியில் உள்ள மாவட்ட ஆணையத்தில் மனு கொடுத்துவிட்டோம். டேப் சுற்றிய ஹோஸ், துரு ஓடு, துண்டு பில், படங்கள் எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. இதே போல அடிவாரத்தில் டர்போ மாற்றிய யாரையாவது பழைய பொருளைத் தராமல் அனுப்பியிருந்தால், உங்கள் பில்லையும் ஸ்கேன் தாளையும் தூக்கிப் போடாதீர்கள், எனக்குத் தகவல் சொல்லுங்கள். விசாரணைத் தேதி வந்ததும் எழுதுகிறேன்.